வந்து சேரும் முன்பே வழக்கொழியுமா ஜீன்ஸ்?

ஓர் உடை வழக்கொழிய வேண்டுமானால் முதலில் அது வழக்கில் இருந்திருக்க வேண்டும். பெண்களிடையே ஜீன்ஸ் மவுசு குறைகிறது என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் செய்திகள் பெரும்பாலும் நியூயார்க், லண்டன் கடைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. மிஞ்சினால் மும்பை, பெங்களூர். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருக்கும் உத்திரமேரூர்ப் பக்கத்துக்கு அந்தச் செய்தியை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. இங்கே ஜீன்ஸ் பெண்களின் அன்றாட உடையாக ஒருநாளும் இருந்ததில்லை. தாவணியின் இடத்தைச் சுடிதார் பிடித்தது. சுடிதாரின் கால்சட்டையை லெக்கிங்ஸ் தள்ளியது. இந்த இரண்டுக்கும் பின்னால், ஓரமாக, பெரும்பாலும் பெண்கள் தாங்களே சம்பாதித்த பணத்தில் வந்து சேர்ந்தது ஜீன்ஸ். அது வந்த நேரம் பார்த்துப் பெருநகரப் பெண்கள் காலை ஒட்டிய ஜீன்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஜீன்ஸ் போகிறதா என்று கேட்பவர், எந்த ஜீன்ஸ், எந்த ஊரிலிருந்து என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜீன்ஸின் குணமெல்லாம் அதன் துணியில் இருக்கிறது. டெனிம் என்னும் அந்தத் துணியில் ஊடை இழை மூன்று பாவு இழைகளுக்கு அடியில் புகுந்து, ஒன்றின் மேல் ஏறி வரும். ஒவ்வொரு வரிசையிலும் இந்த ஏற்றம் ஓர் இழை தள்ளிப்போவதால் துணியின் மேல் சாய்ந்த வரிகள் தெரிகின்றன. பாவு நீலச் சாயம் ஏறியது, ஊடை வெள்ளை. மேற்புறம் நீலமாகவும் உட்புறம் வெளிறியும் இருப்பது அதனால்தான். பாவும் ஊடையும் என்னவென்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டுத்தறிக்குத் தெரியாத விஷயம் சாயத்தில் இருக்கிறது. பட்டு நூலில் சாயம் உள்வரை இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அது குறை. டெனிம் இழையிலோ நீலம் வெளிவட்டத்தில் மட்டும் ஒட்டி நிற்கிறது, நடு வெள்ளையாகவே இருக்கிறது. துவைக்கத் துவைக்க, முழங்காலிலும் தொடையிலும் உரச உரச, மேல்சாயம் உதிர்ந்து உள்வெள்ளை எட்டிப் பார்க்கிறது. வேறெந்தத் துணியில் சாயம் போனாலும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் வீடு, ஜீன்ஸில் போனால் மட்டும் அழகு என்று ஏற்றுக்கொள்கிறது.

டெனிம் என்ற பெயர் பிரான்ஸின் நீம் நகரையும் ஜீன்ஸ் என்ற பெயர் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தையும் சுட்டுவதாகச் சொல்வது வழக்கம். இவற்றின் சகோதரத் துணியான டங்கரிக்குப் பெயர் வந்தது மும்பையின் டோங்கிரியிலிருந்து. நீலத்தின் ஊரும் இங்கேதான். இண்டிகோ என்ற சொல்லே இந்தியாவிலிருந்து வந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது. அவுரி இலையை ஊறவைத்து எடுத்த இந்தச் சாயம் 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து பெருமளவு ஏற்றுமதியானது. தென்னார்க்காடு மாவட்டம் அதன் முக்கிய விளைநிலங்களில் ஒன்று. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897-இல் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அவுரிக்கு இறங்குமுகம் தொடங்கிவிட்டது. இன்று உலகில் தைக்கப்படும் ஜீன்ஸில் ஏறுவது ஏறக்குறைய முழுவதும் அந்தச் செயற்கை நீலம். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் அவுரி இன்னமும் பயிராகிறது என்றாலும், அதில் பெரும்பங்கு கால்சட்டைக்குப் போவதில்லை. தலைமுடிச் சாயத்துக்கும், இயற்கைச் சாயம் தேடி வாங்கும் சிலருக்கும் போகிறது.

ஜீன்ஸ் ஆண்களின் வேலை உடையாகப் பிறந்தது. 1873 மே 20 அன்று சான் பிரான்சிஸ்கோ ஜவுளி வணிகர் லெவி ஸ்ட்ராஸும், நெவாடா மாநிலத்து ரெனோ ஊர்த் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் பெற்ற காப்புரிமை கால்சட்டைக்கே உரியதல்ல. பாரம் தாங்காமல் கிழியும் பைகளின் மூலையில் செம்பு ரிவெட் அடிக்கும் உத்திக்கு உரியது. சுரங்கத் தொழிலாளிக்கும் மாட்டுப் பண்ணைக்காரருக்கும் அது போய்ச் சேர்ந்தது. பெண்களுக்கென்று தனியாக வெட்டிய ஜீன்ஸை அதே நிறுவனம் கொண்டுவந்தது 1934-இல், அதாவது 61 ஆண்டுகள் கழித்து. பெண்ணுக்கு ஜீன்ஸ் தாமதமாகத்தான் வரும் என்பது உத்திரமேரூருக்கு மட்டும் உரிய விதியில்லை.

இந்தியாவில் 1980-களில் ஃப்ளையிங் மெஷின் போன்ற பெயர்கள் நகரக் கடைகளில் தொங்கத் தொடங்கின. அந்தப் பத்தாண்டின் பின்பகுதியில் அகமதாபாத்தின் அரவிந்த் மில்ஸ் டெனிம் நெசவில் இறங்கி, விரைவிலேயே உலகின் பெரிய டெனிம் ஆலைகளில் ஒன்றாயிற்று. சிற்றூர் வரை ஜீன்ஸைக் கொண்டுபோக அந்நிறுவனம் 1995-இல் ஒரு வழி கண்டது. ரஃப் அண்ட் டஃப் என்ற பெயரில் தைக்காத ஜீன்ஸை விற்றது. அளவாக வெட்டிய துணி, ஜிப், உலோகப் பொத்தான், ரிவெட், பின்னால் ஒட்டும் முத்திரை எல்லாம் ஒரே உறையில், 200 ரூபாய்க்குள். வாங்கியவர் அதை உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்துத் தன் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அது ஆண்களுக்கு மட்டுமே எட்டியது. சிற்றூரில் ஆண்களுக்குத் தைக்கும் கடை வேறு, பெண்களுக்குத் தைக்கும் வீடு வேறு. பேண்ட் தைக்கத் தெரிந்த ஆண் தையற்காரரிடம் ஒரு பெண் இடுப்பளவு, தொடையளவு கொடுத்துவிட்டு வருவதென்பது நடக்காத காரியம். ரவிக்கையும் பாவாடையும் தைக்கும் பெண்ணின் வீட்டுத் தையல் இயந்திரமோ, நான்கைந்து மடிப்பு சேரும் ஜீன்ஸ் மூட்டில் ஊசியை ஒடித்துவிடும். தடித்த துணிக்கான 16, 18-ஆம் எண் ஊசி போட்டாலும் அந்த இயந்திரம் திணறும். தையல் வழியாக ஆண்களுக்கு வந்த ஜீன்ஸ், ஆயத்த ஆடைக் கடைகள் பெருகும்வரை பெண்களுக்கு வராமலே நின்றதற்கு இந்த அளவுநாடா விவகாரமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். ஒழுக்கம், பண்பாடு என்ற பேச்செல்லாம் இதற்கு அடுத்துதான்.

அந்தப் பேச்சைத் தமிழ் சினிமா நன்றாக வளர்த்தது. ஷங்கர் இயக்கத்தில் 1998-இல் ஒரு படம் ‘ஜீன்ஸ்’ என்றே பெயர் சூட்டிக்கொண்டு வந்தது. மரபணுவையும் கால்சட்டையையும் ஒரே உச்சரிப்பில் கோத்த தலைப்பு அது. அடுத்த ஆண்டு வந்த ‘படையப்பா’ இன்னும் பச்சையாகக் கோடு கிழித்தது. வெளிநாட்டில் படித்து மேற்கத்திய உடையில் வந்திறங்கும் நீலாம்பரி வில்லி, பாவாடை தாவணியில் குனிந்த தலை நிமிராத வசுந்தரா நாயகி. திரையில் ஜீன்ஸ் போட்ட பெண் ஒன்று திருந்த வேண்டும், அல்லது தோற்க வேண்டும். பார்வையாளர்களில் இருந்த பெண்கள் மட்டும் அந்தப் பாடத்தை முழுதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நீலாம்பரியை அவர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

உத்திரமேரூர் போன்ற ஊர்களில் 1990-களில் நடந்த பெரிய மாற்றம் சுடிதார். இந்தியில் அந்தச் சொல் கணுக்காலில் வளையல் வளையலாகச் சுருங்கி நிற்கும் கால்சட்டையை மட்டும் குறிக்கும். தமிழில் மேல்சட்டை, கால்சட்டை, துப்பட்டா மூன்றும் சேர்ந்தே சுடிதார். வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாவணி என்றிருந்த வழக்கம் ஒரு தலைமுறைக்குள் தளர்ந்தது. கல்லூரியிலும் வேலையிடத்திலும் முதலில் வந்த சுடிதார், பின்னர் பள்ளிச் சீருடையிலும் தாவணியைத் துரத்தியது. சைக்கிள் மிதிக்கவும் பேருந்துப் படியேறவும் வசதி, தலைப்பு சரியும் என்ற கவலை இல்லை, மானமும் மறைகிறது என்ற மூன்று காரணங்களும் சேர்ந்துகொண்டன. தாவணி கல்யாண வீட்டுக்கும் பொங்கலுக்கும் ஒதுங்கியது. ஓர் உடை வழக்கொழிவது எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்க்க விரும்புபவர் ஜீன்ஸை விட்டுவிட்டுத் தாவணியைப் பார்க்கலாம். அது அழியவில்லை, விசேஷ உடையாகிவிட்டது.

சுடிதார் அப்போது ஒரு செட். மேல்துணியும் கால்துணியும் துப்பட்டாவும் ஒரே நிறத்தில் சேர்த்து வாங்கித் தைக்க வேண்டும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தச் செட்டை உடைத்தது லெக்கிங்ஸ். டாப் தனி, பாட்டம் தனி என்றானதும் நான்கு டாப்புக்கு இரண்டு பாட்டம் போதும் என்ற கணக்கு வந்தது. நடுத்தர வீட்டுத் துணிச் செலவில் இது சாதாரண மாற்றமில்லை. லெக்கிங்ஸ் பின்னலாடை. நெய்த துணிபோலப் பாவும் ஊடையுமாக இல்லாமல், நூல் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் இழுத்தால் இழுபடும். பருத்தியோடு ஏறத்தாழ 5 சதவீதம் எலாஸ்டேன் என்னும் இழுபடும் இழையைச் சேர்த்தால் உடலோடு ஒட்டி நிற்கும். பின்னலாடை என்றால் திருப்பூர் என்று ஆகிவிட்ட மாநிலத்தில் இதைச் செய்ய வெளியூர் ஆலைகள் தேவைப்படவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கோ ஃபேஷன் நிறுவனம் ‘கோ கலர்ஸ்’ என்ற பெயரில் பெண்களின் பாட்டம் வகைகளைப் பிரதானமாக விற்றே நாடெங்கும் கடை விரித்து, 2021 நவம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தது. பெண்ணின் இடுப்புக்குக் கீழே எதை உடுத்துவது என்ற ஒரே கேள்வியில் இத்தனை வணிகம் இருப்பதை ஜீன்ஸ் நிறுவனங்கள் கவனித்திருக்கும்.

லெக்கிங்ஸுக்கும் வசவு கிடைக்காமல் இல்லை. 2015 செப்டம்பரில் தமிழ் இதழ் ஒன்று, தெருவில் போகும் பெண்களை அவர்கள் அறியாமல் பிடித்த படங்களோடு, லெக்கிங்ஸ் ஆபாசமாகிவிட்டது என்று அட்டைக் கட்டுரை வெளியிட்டது. கண்டனம் உடையின் மேல் விழவில்லை, இதழின் மேல் விழுந்தது. லெக்கிங்ஸ் விற்பனை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஜீன்ஸுக்கு வந்திருக்க வேண்டிய இடத்தை லெக்கிங்ஸ் எப்படிப் பிடித்தது என்பதற்கு வீட்டுப் புழக்கத்தில் விடை கிடைக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தடித்த டெனிம் தொடையில் ஒட்டி வேர்க்குருவைக் கிளப்பும். நனைந்த ஜீன்ஸைத் துவைக்கும் கல்லில் தூக்கி அடிக்க நல்ல தோள்பலம் வேண்டும், பிழிய இரண்டு பேர் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் அது கொடியில் இரண்டு நாள் கிடந்தாலும் இடுப்புப் பட்டையில் ஈரம் நிற்கும். ஒரு ஜீன்ஸ் விலையில் இரண்டு மூன்று லெக்கிங்ஸ் கிடைக்கும். ஜீன்ஸ் 28, 30, 32 என்று எண்களில் வருகிறது. மகப்பேற்றுக்குப் பிறகோ, இரண்டு கிலோ ஏறினாலோ அந்த எண் மாறும், பழையது பீரோவில் தூங்கும். லெக்கிங்ஸ் அக்காவிடமிருந்து தங்கைக்கும், அவசரத்துக்கு அம்மாவுக்கும் பொருந்தும். வெளியூர்ப் பயணத்தில் குந்தும் கழிப்பறையை ஜீன்ஸோடு பயன்படுத்தும் சிரமம் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம். உடை வரலாற்று நூல்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. மறுபக்கமும் உண்டு. மாதவிடாய் நாட்களில் கருநீல ஜீன்ஸைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் கறை பற்றிய கவலை இல்லாமல் பேருந்தில் உட்கார முடியும்.

இத்தனை இடைஞ்சலுக்கும் மேலே விதிகள். 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் கல்லூரிகளுக்கு உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்து ஜீன்ஸ், டி-ஷர்ட், கையில்லா மேல்சட்டை ஆகியவற்றை விலக்கியது. தனியார் கல்லூரிகள் பலவும் அதே வழக்கத்தைக் கைக்கொண்டன. 2014 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் பாடகர் கே. ஜே. யேசுதாஸ், பெண்கள் ஜீன்ஸ் அணிந்து மற்றவர்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்ற பொருளில் பேசி எதிர்ப்பைச் சந்தித்தார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். வைத்தியநாதன், 2016 ஜனவரி 1 முதல் கோயில்களில் உடைக் கட்டுப்பாடு வேண்டும் என்று உத்தரவிட்டார். பெண்களுக்குப் புடவை, தாவணி, மேலாக்குடன் சுடிதார். புத்தாண்டு நாளிலேயே சில கோயில் வாசல்களில் ஜீன்ஸ் அணிந்தவர்கள் நிறுத்தப்பட்டார்கள். அந்த மாதத்துக்குள்ளேயே இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவை நிறுத்திவைத்தது. 2019-இல் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வகுத்த விதியில் பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்று எழுதியது. ஜீன்ஸைத் தடுப்பதாகத் தனியே சொல்ல வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

உத்திரமேரூர் விதிகளுக்குப் பேர்போன ஊர்தான். வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று வயது, நிலம், வீடு, கணக்குக் காட்டாமை, உறவுமுறை எல்லாவற்றையும் நுணுக்கமாக வகுக்கின்றன. என்ன உடுத்தி வர வேண்டும் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

வட தமிழகத்தில் ஜீன்ஸ் மீதான கோபத்துக்குச் சாதி என்ற இன்னொரு முகமும் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பரில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட பிறகு, பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் ச. ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுக்கொண்டு பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று குற்றஞ்சாட்டினார். அங்கே பேசப்பட்டது ஆண்களின் ஜீன்ஸ். ஆனால் உழைத்துச் சம்பாதித்தவர் தனக்குப் பிடித்ததை உடுத்திக்கொள்வது எவர் கண்ணையோ உறுத்துகிறது என்ற செய்தி பெண்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இவ்வளவையும் தாண்டி ஜீன்ஸ் வந்தது வேலையின் வழியாக. திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்து மின்னணு, வாகன உதிரிபாக ஆலைகளுக்கும், செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையின் காலணி ஆலைக்கும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நிறுவனப் பேருந்துகள் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. உள்ளே போனால் மேலே சீருடை. போக வர என்ன உடுத்துவது என்பது அவரவர் விருப்பம். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணுக்கு முதல் ஜீன்ஸை வாங்க வீட்டில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு வரும்போது அது பைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும், அடுத்த விடுமுறையில் உடலில் இருக்கும். அம்மாக்களும் இதற்குள் ஒரு சமரசத்துக்கு வந்திருப்பார்கள்: “போடறதுதான் போடற, மேல டாப்ஸ் நீளமா போட்டுக்கம்மா.” ஸ்கூட்டியும் துணை நின்றது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகன விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்த அரசுத் திட்டம் 2018 பிப்ரவரியில் தொடங்கியது. துப்பட்டா சக்கரத்தில் சிக்கும் ஆபத்து எல்லோரும் அறிந்தது. வண்டி ஓட்ட ஜீன்ஸ் தோதானது என்ற வாதத்தை எதிர்த்துப் பேச வீட்டில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

இப்படி வந்த ஜீன்ஸ் தன் சட்டையை வழியில் விட்டுவிட்டு வந்தது. அமெரிக்காவில் அது டி-ஷர்ட்டின் ஜோடி. இங்கே அது குர்த்தியின் ஜோடி. முழங்கால் வரை இறங்கும், இரு பக்கமும் வெட்டுவிட்ட டாப்புக்குக் கீழே லெக்கிங்ஸ், பலாசோ, பட்டியாலா, ஜெக்கிங்ஸ் என்று தொங்கும் வரிசையில் ஜீன்ஸும் ஒன்று. ஜீன்ஸ் தோற்றமும் லெக்கிங்ஸ் இழுவையும் சேர்ந்த ஜெக்கிங்ஸ் பலருக்கு இரண்டுக்கும் நடுப் பாலமாக இருந்தது. உலகத்தின் பொதுச் சீருடை என்று ஜீன்ஸைச் சொல்பவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை. உத்திரமேரூரில் அது சுடிதாரின் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்திருக்கிறது.

வெளியுலகில் ஜீன்ஸின் நிலைமை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. 2000-களின் நடுவிலிருந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் பெண்களின் ஜீன்ஸ் என்றால் காலோடு ஒட்டிய ஸ்கின்னி என்றே ஆகிவிட்டது. அதைச் சாத்தியமாக்கியது எலாஸ்டேன். டூபாண்ட் நிறுவன வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கிய இந்த இழையை ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்தாலே டெனிம் வளையத் தொடங்கும். வளைவது நல்லது என்று பழகிய பெண்கள், இன்னும் நன்றாக வளைவதைத் தேடிப் போனார்கள். அமெரிக்காவில் யோகா வகுப்புக்கான கால்சட்டை கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் வந்தது. 2014 வாக்கில் ஜீன்ஸ் விற்பனை சரிந்ததாகச் சந்தைக் கணக்குகள் காட்டின. 2017-இல் அந்நாட்டில் பெண்களுக்கான எலாஸ்டிக் பின்னல் கால்சட்டை இறக்குமதி முதல்முறையாக ஜீன்ஸ் இறக்குமதியைத் தாண்டியது. ஜீன்ஸ் அழிகிறது என்ற பேச்சு உச்சத்துக்குப் போன காலம் அது.

அழியவில்லை. லெவி ஸ்ட்ராஸ் நிறுவனம் 2015-இல் தன் பெண்கள் வகையை இழுபடும் துணியில் புதிதாக வடிவமைத்து மீண்டது. பெருந்தொற்றில் வீட்டுக்குள் எலாஸ்டிக் இடுப்போடு இருந்து பழகிய உலகம் வெளியே வந்தபோது, இடுப்புக்கு மேல் ஏறி நிற்கும், காலில் தளர்ந்து தொங்கும் ஜீன்ஸை எடுத்தது. 2021-இல் இளையவர்கள் ஸ்கின்னியை மூத்த தலைமுறையின் அடையாளமாகக் கேலி செய்தார்கள். ஹை வெயிஸ்ட், வைட் லெக், பேகி, மாம் ஜீன்ஸ் என்று பெயர்கள் பெருகின. 1970-களின் பெல்பாட்டம் நினைவுள்ள பாட்டிகளுக்கு இதில் புதுமை அதிகம் இருந்திருக்காது.

உள்ளூருக்கு இந்த அலை இரண்டு வேகத்தில் வருகிறது. படம் உடனே வருகிறது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் சென்னையும் சியோலும் ஒரே நாளில் கைப்பேசியில் தெரிகின்றன. துணி மெதுவாக வருகிறது. சென்னைப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் தியாகராய நகரிலும் எடுத்துவந்து விற்கும் சரக்கு, கர்நாடகத்தின் பல்லாரியில் சிறு சிறு தையற்கூடங்களில் உருவாகும் மலிவு ஜீன்ஸ், ஏற்றுமதியில் கழிந்த செகண்ட்ஸ், பெரிய கடைகள் கழித்துவிட்ட லாட்டு என்று அது பல வழிகளில் வரும். நகரத்தில் விலைபோகாத வெட்டுதான் லாட்டில் மலிவாகக் கிடைக்கும். ஆகவே சென்னைப் பெண் ஸ்கின்னியை விட்ட பிறகுதான் அது உத்திரமேரூர்க் கடைவீதியில் மிக மலிவாகிறது. கைப்பேசியில் பேகியைப் பார்த்துக்கொண்டே கடையில் ஸ்கின்னியை வாங்கும் முரண் இதனால் வருகிறது. பணம் சற்றுக் கூடுதலாக இருப்பவர் இணையக் கடையில் பேகியை வரவழைத்துக்கொள்கிறார். அது உயரம் அதிகமுள்ள உடலுக்கு வெட்டியதாக இருந்தால் கீழே நாலைந்து அங்குலம் மிஞ்சும்.

அந்த நாலைந்து அங்குலம் தையற்கடைக்கு வேலை. ரஃப் அண்ட் டஃப் காலத்தில் பெண்ணுக்கு எட்டாத தையற்காரர், ஆல்ட்ரேஷன் என்ற பெயரில் இப்போது எட்டுகிறார். அளவுநாடா வேண்டியதில்லை, பழைய ஜீன்ஸ் ஒன்றை அளவுக்குக் கொடுத்தால் போதும். முன்பு “டைட் பிடிச்சுக் குடுங்க” என்று வந்ததைத் திரும்பத் தளர்த்த முடிவதில்லை. உள்ளே விட்ட தையல்துணியை வெட்டிவிட்டால் பிரித்துவிட எதுவும் மிஞ்சாது. லெக்கிங்ஸ் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். எலாஸ்டேன் வெந்நீருக்கும் கல்லில் அடிப்பதற்கும் உச்சிவெயிலுக்கும் தாங்காது. ஓராண்டில் முழங்காலில் பை போலத் தொங்கும், மாற்றித் தைக்கவும் முடியாது. எலாஸ்டேன் கலக்காத பழைய முரட்டு டெனிம்தான் நீடித்து உழைக்கும். அதைப் பெண்களுக்கான கடையில் தேடிப்பிடிப்பதுதான் கஷ்டம்.

பாக்கெட் விஷயத்தில் ஜீன்ஸ் பெண்களைக் கொஞ்சம் ஏமாற்றியிருக்கிறது. 2018-இல் த புட்டிங் என்ற அமெரிக்க இணைய இதழ், 20 நிறுவனங்களின் 80 ஜீன்ஸ்களை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பை ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைந்தது, 6.5 சதவீதம் அகலம் குறைந்தது. பேருந்துச் சில்லறைக்குப் போதும், கைப்பேசிக்குப் போதாது. சில மலிவு வகைகளில் பை வாய்போலத் தைத்த கோடு மட்டும் இருக்கும், கை நுழையாது. தளர்ந்த வெட்டுகள் வந்த பிறகு பைகள் சற்று ஆழமாகியிருக்கின்றன. பேகி பிடிக்கும் என்று சொல்லும் பெண்களில் சிலருக்காவது பிடித்தது பைதான். இதற்குள் டாப் தைப்பவர்களும் விழித்துக்கொண்டார்கள். பாக்கெட் வைத்த குர்த்தி என்பது இப்போது தனி விற்பனைச் சொல்.

ஜீன்ஸ் எதிர்கொள்ளும் உண்மையான கணக்கு தண்ணீர்தான். லெவி ஸ்ட்ராஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதன் 501 வகை ஜீன்ஸ் ஒன்று பருத்தி விளைவதிலிருந்து வாங்கியவர் துவைத்துத் தீர்ப்பது வரை 3,781 லிட்டர் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது. 68 சதவீதம் பருத்தி வயலுக்கு, 23 சதவீதம் துவைப்பதற்கு. அந்நிறுவனம் வாடிக்கையாளர்களை அடிக்கடி துவைக்காதீர்கள் என்றது. அமெரிக்கக் குளிரில் பத்து முறை உடுத்திவிட்டுத் துவைக்கலாம். வேர்வை ஊரில் அது நடக்காது. ஆனால் இரண்டு மூன்று முறை உடுத்திய பிறகு துவைப்பதற்கு மற்ற எந்த உடையைவிடவும் ஜீன்ஸ் இடம் கொடுக்கிறது. குழாயில் தண்ணீர் முறைவைத்து வரும் கோடையில் விடுதிப் பெண்களுக்கு இது தெரியும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உத்திரமேரூர்ப் பக்கம் வெளியேறிக்கொண்டிருப்பது ஜீன்ஸ் அல்ல, அதன் ஒட்டிய வெட்டு. அதுவும் முழுதாக வெளியேறவில்லை. நாற்பதை எட்டும் பெண், முப்பதில் கிடைக்காத துணிச்சல் இப்போது கிடைத்து, சுற்றுலாவுக்கென்று முதல் ஜீன்ஸ் வாங்கும்போது கடையில் மலிவாக இருப்பது ஸ்கின்னிதான். அவள் மகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். லெக்கிங்ஸின் பிடியும் தளர்ந்திருக்கிறது. அதைத் தள்ளுவது ஜீன்ஸைவிட அதிகமாக நேர்வெட்டுப் பருத்திப் பேண்ட்டும் பலாசோவும். கோயில், கல்யாணம், அரசு அலுவலக நேர்காணல் மூன்றுக்கும் ஜீன்ஸ் இன்னும் கதவுக்கு வெளியில் நிற்கிறது. கல்லூரிகளில் பாதிக் கதவு திறந்திருக்கிறது. ஆலைப் பேருந்தில் அதற்கு யாரும் தலைதிருப்பிப் பார்ப்பதில்லை.

உடுத்தி முடிந்த ஜீன்ஸுக்கு இங்கே ஒரு பிற்கால வாழ்வு உண்டு. பழைய சேலை தொட்டிலாகும், பழைய வேட்டி கரித்துணியாகும். டெனிம் இரண்டுக்கும் ஆகாது. தொட்டிலுக்கு முரடு, கரித்துணிக்கு விறைப்பு. அதனால் கால் பகுதியை வெட்டிக் காய்கறிப் பை தைக்கிறார்கள். பின்பைகள் இரண்டும் அப்படியே இருக்க, மிஞ்சிய இடுப்புப் பகுதியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினால் மின்கட்டண அட்டையும் கத்தரியும் சொருக இடம். ஆல்ட்ரேஷனில் வெட்டி எறிந்த அந்த நாலைந்து அங்குல வளையங்கள் தையற்கடை மூலையில் சேர்ந்து, சேர்த்துத் தைத்தால் ஸ்கூட்டி இருக்கைக்கு உறையாகின்றன.